ஓட்டும் சொத்தும்: தீராத ஒரு வரப்புத் தகராறு

1842 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு வந்தது. 33 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊர்வலமாகத் தூக்கி வந்த அந்த மனுச் சுருள் அவையின் வாசலில் நுழையவில்லை. பிரித்துப் பிரித்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். சாசனவாதிகள் எனப்பட்ட தொழிலாளர்கள் அதில் கேட்டவை வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, எம்.பி.க்களுக்குச் சம்பளம் முதலியவை. இன்று கேட்டால் இதற்கா ஊர்வலம் என்று தோன்றும்.

3ஆம் தேதி விவாதத்தில் எழுந்து எதிர்த்தவர்களில் ஒருவர் தாமஸ் மெக்காலே. எட்டு வருடத்துக்கு முன் சென்னையில் கப்பலை விட்டிறங்கிப் பல்லக்கில் ஊட்டிக்குப் போனாரே, அவரேதான். மனுவிலிருந்த மற்றக் கோரிக்கைகளில் சிலவற்றை அவர் ஒத்துக்கொண்டார். எல்லோருக்கும் ஓட்டு என்பதை மட்டும் ஏற்கவே முடியாது என்றார். நாகரிகம் நிற்பது சொத்தின் பாதுகாப்பு மேல். சொத்தில்லாதவர்களிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் சொத்து மிஞ்சாது. இதுதான் அவர் வாதம். மனு 287க்கு 49 என்ற கணக்கில் தோற்றது.

இந்தப் பயம் மெக்காலேயோடு பிறந்ததும் இல்லை. 1647இல், மன்னரைத் தோற்கடித்த கையோடு, லண்டனுக்கு அருகே பட்னி என்ற ஊரின் தேவாலயத்தில் படை வீரர்களும் தளபதிகளும் உட்கார்ந்து இனி நாட்டை எப்படி ஆள்வது என்று பேசினார்கள். பெரிய மனிதருக்கு இருப்பதுபோலவே ஏழைக்கும் வாழ ஓர் உயிர் இருக்கிறது, அவன் சம்மதம் இல்லாமல் அவனை ஆளக்கூடாது என்றார் கர்னல் ரெயின்பரோ. தளபதி கிராம்வெலின் மருமகன் அயர்ட்டன் விடவில்லை. சொத்தில்லாதவர்கள்தான் நாட்டில் அதிகம். ஓட்டுக் கொடுத்தால் ஓட்டாலேயே சொத்தைப் பறித்துக்கொள்வார்களே, அப்போது என்ன செய்வீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அயர்ட்டன் கேட்டதில் ஒரு கணக்கு இருக்கிறது. வாக்குச்சாவடியில் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பங்குக்கு ஓர் ஓட்டு. பத்தாயிரம் பங்கு வைத்திருப்பவருக்குப் பத்தாயிரம் ஓட்டு. ஒரே நாட்டில், ஒரே மனிதர்கள் மீது, இந்த இரண்டு கணக்கும் ஒன்றாக ஓடுகின்றன. முதலாளித்துவமும் ஜனநாயகமும் சேர்ந்து வாழ முடியுமா என்று தத்துவமாகக் கேட்கும் கேள்வியை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: எந்த விஷயத்தைத் தலையை எண்ணி முடிவு செய்வது, எதைப் பணத்தை எண்ணி முடிவு செய்வது? இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்பு இருக்கிறது. அதை யார் வெட்டுகிறார்கள், எந்தப் பக்கம் தள்ளி வெட்டுகிறார்கள் என்பதுதான் சண்டை. கிராமத்தில் வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே நாளில் யாரும் பக்கத்து நிலத்தைப் பிடிப்பதில்லை. ஒவ்வோர் உழவுக்கும் ஒரு சாண் நகரும்.

சரி, அயர்ட்டன் பயந்தது நடந்ததா? மேற்கு ஐரோப்பாவில் நடக்கவில்லை. ஒரு காரணம், அங்கே ஓட்டைத் தவணை முறையில் கொடுத்தார்கள். பிரிட்டனில் 1832, 1867, 1884, 1918, 1928 என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கதவு திறந்தது. தொழில் இடம் ஒரு தொகுதியிலும் வீடு இன்னொன்றிலும் இருந்தவருக்கு இரண்டு ஓட்டு இருந்த வழக்கம் ஒழிந்தது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். இன்னொரு காரணம் பேரம். ஸ்வீடனில் 1938இல் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கமும் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆலை முதலாளியுடையது, நிர்வாகமும் அவருடையது. சங்கங்களைச் சமமாக உட்காரவைத்துப் பேச வேண்டும். வரியும் சமூக நலத் திட்டங்களும் அரசின் பக்கமிருந்து வந்தன. நாற்பது வருடம் அந்த வரப்பு அப்படியே கிடந்தது. 1970களில் லாபத்தின் ஒரு பகுதியைப் பங்குகளாக்கித் தொழிலாளர் நிதியில் சேர்க்க வேண்டும் என்று சங்கங்கள் கேட்டபோது, அதாவது உடைமையின் பக்கம் ஒரு சாண் நகர்ந்தபோது, முதலாளிகளே தெருவுக்கு வந்தார்கள். 1983 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் கோட்டும் டையுமாகப் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். திட்டம் நீர்த்துப்போய் நிறைவேறியது, அப்புறம் கலைக்கப்பட்டது.

ஓட்டே இல்லாமல் முதலாளித்துவம் நன்றாகவே ஓடும் என்பதற்குச் சிலி இருக்கிறது. 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தளபதி பினோசே ஆட்சியில் விலைக் கட்டுப்பாடு போனது, அரசு நிறுவனங்கள் விற்கப்பட்டன, தொழிற்சங்கம் நசுக்கப்பட்டது. தென் கொரியாவில் நேர் எதிர்: சர்வாதிகாரம் வளர்த்த தொழிற்சாலைகளும் நகரங்களும் உண்டாக்கிய மக்களே 1987இல் தெருவில் இறங்கி அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கினார்கள். ஆக, ஒன்று வந்தால் மற்றது தானாக வரும் என்றும் சொல்ல முடியாது, வரவே வராது என்றும் சொல்ல முடியாது.

இந்தப் பயத்துக்கு உண்மையான பரீட்சை நடந்த இடம் ஐரோப்பா இல்லை என்பது என் கருத்து. அங்கே ஓட்டு வருவதற்குள் ஓரளவு செல்வமும் பள்ளிக்கூடமும் வந்துவிட்டன. இந்தியாவில் எல்லாம் ஒரே நாளில். வெள்ளைக்காரர் காலத்தில் சொத்து, வரி, படிப்பு இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. 1950 ஜனவரி 26 முதல் எல்லோருக்கும். முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். சின்னத்தைப் பார்த்துப் பெட்டியில் சீட்டைப் போட்டார்கள். அயர்ட்டனும் மெக்காலேயும் பார்த்திருந்தால் நடுங்கியிருப்பார்கள்.

இதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் சொன்னது பலருக்கும் தெரியும். அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அசமத்துவம், இந்த முரண்பாட்டை எத்தனை நாள் தாங்குவோம் என்றார். ஆனால் அதற்கு முன் அவர் செய்த இரண்டு காரியங்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய மனுவில், முக்கியத் தொழில்களும் காப்பீடும் விவசாயமும் அரசுடையதாக இருக்க வேண்டும், அதை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றார். அதை ஏன் நாடாளுமன்றத்திடம் விடக்கூடாது? இன்றைய பெரும்பான்மை போட்ட சட்டத்தை நாளைய பெரும்பான்மை ரத்து செய்துவிடும். அதாவது பொருளாதாரத்தை ஓட்டுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்று அவரும் நினைத்தார். சொத்துள்ளவர்களைக் காப்பாற்ற இல்லை, இல்லாதவர்களைக் காப்பாற்ற. அடுத்த வருடமே, 1948 நவம்பரில், அரசியல் சட்டத்தில் 'சோஷலிச' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லி கே.டி. ஷா திருத்தம் கொண்டுவந்தபோது அதே அம்பேத்கர் மறுத்தார். சமூகம் எப்படி அமைய வேண்டும் என்பதை அந்தந்தக் காலத்து மக்கள் முடிவு செய்யட்டும், இப்போதே எழுதிக் கட்டிவைத்தால் அது ஜனநாயகத்தை அழிப்பது என்றார். இவ்விரண்டு அம்பேத்கர்களும் ஒருவருக்கொருவர் முரண்படுகிறார்கள்தான். அந்த முரணை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. பிரச்சினையே அப்படிப்பட்டது.

கடைசியில் அரசியல் சட்டம் சொத்துரிமையை அடிப்படை உரிமையாக எழுதி, பக்கத்திலேயே நிலச் சீர்திருத்தத்துக்கு ஒரு சந்தும் விட்டுவைத்தது. ஒரு வருடம் தாங்கியது. பீகார் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்து தர்பங்கா மகாராஜா காமேஷ்வர் சிங் வழக்குப் போட்டார். சின்ன ஜமீனுக்கு ஒரு விகிதம், பெரிய ஜமீனுக்கு ஒரு விகிதம் என்று இழப்பீடு கொடுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. சமத்துவ உரிமையை வைத்து மகாராஜா ஜெயித்தார்! ஜூன் மாதமே முதல் திருத்தம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இந்தத் திருத்தத்தை செண்பகம் துரைராஜன் வழக்கையும் இட ஒதுக்கீட்டையும் வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அதே திருத்தத்தின் மறுபாதி ஒன்பதாவது அட்டவணை. அதில் ஒரு சட்டத்தைச் சேர்த்துவிட்டால் அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்பது அன்றைய ஏற்பாடு. முதலில் சேர்ந்த 13 சட்டங்களில் 1948ஆம் ஆண்டு சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டமும் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கை. சொத்தின் மேல் கைவைத்த இந்த முதல் பெரிய நடவடிக்கையை எடுத்தது ஏழைகள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த சபை இல்லை. முதல் பொதுத்தேர்தல் அதற்குப் பிறகு, அக்டோபரில்தான் தொடங்கியது. 1951 ஜூனில் இருந்தது இடைக்கால நாடாளுமன்றம். பெரும்பாலும் சொத்துள்ளவர்களின் ஓட்டில் வந்த மாகாண சபைகள் தேர்ந்தெடுத்தவர்கள். ஜமீன்தாரை வீழ்த்தியது பரம ஏழையின் ஓட்டு என்பதைவிட, ஜமீன்தாருக்குக் கீழே குத்தகை கட்டிக்கொண்டிருந்த நடுத்தர விவசாயியின் செல்வாக்கு என்பதே சரி. நிலமில்லாதவனுக்கு நிலம் என்ற அடுத்த கட்டம் வந்தபோது அந்த வேகம் இல்லை. சென்னை மாநிலத்தின் நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதாவது நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர். 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அதே வருடம் 17ஆவது திருத்தம் அதை ஒன்பதாவது அட்டவணைக்குள் தூக்கி வைத்தது. அப்புறம் 1970இல் உச்சவரம்பு 15 ஏக்கரானது. அதற்குள் எத்தனை பண்ணையில் சொந்தக்காரர் பெயரிலும் பினாமி பெயரிலும் நிலம் பிரிந்து போயிருந்தது என்பது ஊரறிந்த கதை.

நீதிமன்றமும் நாடாளுமன்றமும் மாறி மாறி வரப்பை வெட்டிய இந்தப் பந்தயம் 1967இல் சூடு பிடித்தது. பஞ்சாபில் 500 ஏக்கர் வைத்திருந்த கோலக்நாத் குடும்பத்தின் வழக்கில், அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் தொடவே கூடாது என்று ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 1969 ஜூலை 19இல் இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். சென்னையின் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றில் இரண்டு. ஆர்.சி. கூப்பர் என்ற பங்குதாரர் போட்ட வழக்கில் ஏழே மாதத்தில் அந்தச் சட்டம் செல்லாது என்றானது. நான்கு நாளில் புதிய அவசரச் சட்டம். அடுத்து மன்னர் மானிய ஒழிப்பு. அதையும் 1970 டிசம்பரில் நீதிமன்றம் தடுத்தது. இரண்டு வாரத்துக்குள் மக்களவை கலைக்கப்பட்டது. 1971 தேர்தலில் 'வறுமையை விரட்டுவோம்' என்ற முழக்கத்தோடு 352 இடங்கள். கையோடு மூன்று திருத்தங்கள். அவற்றில் ஒன்று அரசியல் சட்டத்திலிருந்த 'இழப்பீடு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தொகை' என்று போட்டது. இழப்பீடு என்று சொன்னால் இழந்ததற்கு ஈடாக இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் கேட்கிறார்கள். தொகை என்றால் ஒரு தொகை, அவ்வளவுதான்.

இந்தத் திருத்தங்களெல்லாம் போய் மோதிய இடம் கேசவானந்த பாரதி வழக்கு. கேரள நிலச் சீர்திருத்தத்தில் நிலம் பறிபோகும் நிலையிலிருந்த காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவர் போட்டது. வாதாடியவர் நானி பால்கிவாலா. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை. 1973 ஏப்ரல் 24இல் ஏழுக்கு ஆறு: நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம், ஆனால் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக்கூடாது. தராசைச் சாய்த்த நீதிபதி எச்.ஆர். கன்னா, சொத்துரிமை அந்த அடிப்படைக் கட்டமைப்பில் சேராது என்றும் சொல்லிவிட்டார். மடத்துக்கு நிலம் கிடைக்கவில்லை. நாட்டுக்கு ஒரு கோட்பாடு கிடைத்தது.

இரண்டே வருடத்தில் அந்தக் கோட்பாட்டுக்கு வேலை வந்தது. நெருக்கடி நிலையில், பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று 39ஆவது திருத்தம் போட்டார்கள். 1975 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அடிப்படைக் கட்டமைப்பைச் சொல்லி அந்தப் பிரிவை ரத்து செய்தது. ஜமீன்தார்களும் பங்குதாரர்களும் மடாதிபதிகளும் தங்கள் சொத்துக்காகப் பத்திருபது வருடம் நடத்திய வழக்குகளிலிருந்து பிறந்த கவசம், கடைசியில் தேர்தலைக் காப்பாற்ற உதவியது. தனிச்சொத்து இருந்தால்தான் அரசை எதிர்த்து நிற்க ஆட்கள் இருப்பார்கள் என்று முதலாளித்துவத்தின் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. அந்த வாதத்துக்கு இந்தியாவில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எதிர்ச் சாட்சியும் அதே நெருக்கடி நிலையில்தான் இருக்கிறது. அரசியல் சட்ட முகவுரையில் 'சமதர்ம' என்ற சொல் ஏறியது 1976இல், 42ஆவது திருத்தத்தில். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை, தேர்தல் தள்ளிவைப்பு. 1948இல் மக்கள் முடிவு செய்யட்டும் என்று அம்பேத்கர் விட்டுவைத்த சொல்லை, மக்களைக் கேட்க முடியாத நேரத்தில் எழுதினார்கள். அதற்கு முந்தின வருடம்தான் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டியிருந்தது அதே அரசு. வேலைநிறுத்தம் இல்லாத ஆலைகளைப் பார்த்துத் தொழிலதிபர்கள் பலர் மகிழ்ந்தார்கள். முகவுரையில் சமதர்மம் ஏறிய அதே ஆட்சியில் தீபாவளி போனஸ் பாதியானது. தேர்தல் நடந்து ஆட்சி மாறிய பிறகுதான் 8.33 திரும்பி வந்தது.

ஜனதா ஆட்சி 44ஆவது திருத்தத்தால் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே எடுத்தது. 1979 ஜூன் 20 முதல் அது சாதாரண சட்ட உரிமை. ஏழைகள் வென்றார்கள் என்று தோன்றும். முப்பது வருடம் கழித்துப் பார்த்தால் கதை வேறு. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் கார் ஆலைக்காக 2006இல் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் கையகப்படுத்தியது ஒரு கம்யூனிஸ்ட் அரசு. பயன்படுத்திய சட்டம் 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் சட்டம். நிலத்தை இழந்தவர்கள் மகாராஜாக்கள் இல்லை, அரை ஏக்கர் ஒரு ஏக்கர் விவசாயிகள். சொத்துரிமை என்ற சொல் கை மாறி அவர்களிடம் வந்திருந்தது. அவர்களுக்குத் துணை நின்றது ஓட்டுதான்: 2008இல் ஆலை குஜராத்துக்குப் போனது, 2011இல் 34 வருட இடதுசாரி ஆட்சி வீழ்ந்தது. அந்த நிலக் கையகம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2016இல், நிலத்தில் ஏற்கெனவே கான்கிரீட் இறங்கிய பிறகு.

2013இல் வந்த புதிய நிலம் கையகப்படுத்தல் சட்டம், தனியார் திட்டம் என்றால் நிலம் கொடுப்பவர்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்றது. ஓட்டால் கிடைத்த பாதுகாப்பு இது. தமிழ்நாடு தன் சட்டங்களுக்கு இதிலிருந்து விலக்கு எடுத்துக்கொண்டது. இழப்பீடு மட்டும் மத்தியச் சட்டப்படி. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் அந்த விலக்கு செல்லாது என்றது, அதே வருடம் சட்டமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். கிராமத்தின் ஓட்டு ஒன்று சொல்கிறது, மாநிலத்தின் ஓட்டு இன்னொன்று சொல்கிறது. இதில் ஜனநாயகம் எந்தப் பக்கம் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் வேண்டும்.

இதுவரை சொன்னதில் முதலாளிகள் என்றால் சந்தைச் சுதந்திரத்துக்காகப் போராடியவர்கள் என்ற எண்ணம் வந்திருந்தால் அது தப்பு. 1944இல் ஜே.ஆர்.டி. டாடா, பிர்லா முதலியோர் சேர்ந்து எழுதிய பம்பாய்த் திட்டம், அரசு திட்டமிட வேண்டும், அரசு முதலீடு செய்ய வேண்டும், வெளிநாட்டுப் போட்டியிலிருந்து காக்க வேண்டும் என்றுதான் கேட்டது. 1959இல் ராஜாஜி சென்னையில் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்ஜியம்' என்று தாக்கினார். 1967இல் கட்சி மக்களவையில் 44 இடம் பிடித்து மிகப் பெரிய எதிர்க்கட்சியாகவும் வந்தது. தமிழ்நாட்டில் அண்ணாவின் கூட்டணியில் இருந்தது. ஏழே வருடத்தில் வேறு கட்சியில் கரைந்துபோனது. லைசென்ஸ் கையிலிருந்தவருக்கு லைசென்ஸ் ராஜ்ஜியம் வசதியாகவே இருந்தது, போட்டிக்கு ஆள் வரமாட்டானே. சந்தையை நம்பியவர் ராஜாஜி. முதலாளிகள் நம்பியது டெல்லியை.

1991இல் வரப்பு ஒரே வீச்சில் நகர்ந்தது. அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் இருந்தது. மே மாதம் 20 டன் தங்கம் ஸ்விஸ் வங்கிக்கு விற்பனை, ஜூலையில் 47 டன் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடமானம். ஜூலை முதல் வாரத்தில் ரூபாய் மதிப்பு இரண்டு முறை குறைப்பு. 24ஆம் தேதி தொழில் கொள்கையும் மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டும் ஒரே நாளில். அந்த வருடப் பொதுத்தேர்தலின் நடுவில்தான் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வாக்காளர் யாரும் லைசென்ஸ் ஒழிப்புக்கு ஓட்டுப்போடவில்லை. அப்படி ஒரு கேள்வி அவர்கள் முன் வைக்கப்படவே இல்லை. பெரும்பான்மை இல்லாத ஓர் அரசு செய்தது. நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். தலையை எண்ணி நடந்த முடிவு இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

அதன் விளைவு 2004இல் கண்ணுக்குத் தெரிந்தது. 'ஒளிரும் இந்தியா' என்று பிரசாரம் செய்த ஆட்சி தோற்று, இடதுசாரிகளின் ஆதரவு தேவைப்படும் அரசு வருகிறது என்ற செய்தி வந்தது மே 13. மே 17 திங்கள்கிழமை பங்குச்சந்தை திறந்தது. சென்செக்ஸ் ஒரு கட்டத்தில் 842 புள்ளி சரிந்து, இரண்டு முறை வர்த்தகத்தை நிறுத்திவைத்து, கடைசியில் 11 சதவீத நஷ்டத்தில் முடிந்தது. மக்கள் போட்ட ஓட்டை நான்கு நாளுக்கு முன் எண்ணினார்கள், பணம் அன்று ஓட்டுப்போட்டது. மன்மோகன் சிங் பிரதமர் என்ற அறிவிப்புக்குப் பிறகு சந்தை தேறியது. ஆனாலும் 2005இல் அதே அரசு நூறு நாள் வேலைச் சட்டத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. சந்தைக்குப் பிரதமரும் நிதியமைச்சரும், கிராமத்துக்கு நூறு நாள் வேலையும். ஸ்வீடனில் ஒப்பந்தமாக எழுதியதை நாம் எழுதாமல் செய்துகொண்டோம் என்று தோன்றுகிறது.

இவையெல்லாம் வெளிப்படையான தகராறு. நீதிமன்றத்தில், நாடாளுமன்றத்தில், தெருவில், பங்குச்சந்தையில் எல்லோரும் பார்க்க நடந்தவை. அதனால்தான் இவற்றைப் பார்த்து எனக்கு அவ்வளவு கவலை வருவதில்லை. வரப்பைத் தள்ளி வெட்டினால் மறுநாள் காலையில் பக்கத்து நிலத்துக்காரன் பார்த்துவிடுவான். சர்வேயரைக் கவனித்துவிட்டால் என்ன செய்வது?

1957இல் டாடா இரும்பு நிறுவனம் அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வசதியாகத் தன் நிறுவன அமைப்பு விதிகளைத் திருத்தக் கோரி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அனுமதித்த தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, இது வளர்ந்து ஒருநாள் இந்த நாட்டின் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடலாம் என்று எச்சரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். 1969இல் நிறுவன நன்கொடைக்கு முழுத்தடை வந்தது. பணம் நிற்கவில்லை, கணக்கில் வராத பெட்டிக்குப் போனது. 1985இல் லாபத்தில் 5 சதவீதம் வரை என்று மறுபடி அனுமதி, 2013இல் அது 7.5 சதவீதம். 2017 நிதிச் சட்டம் அந்த வரம்பையே நீக்கியது. 2018 ஜனவரியில், வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரம் வந்தது: யார், எவ்வளவு, எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்று வாக்காளருக்குத் தெரியவே வேண்டாம்.

2024 பிப்ரவரி 15இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்து, வரம்பு நீக்கத்தையும் செல்லாது என்றார்கள். அதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றிருந்தன. வெளியான பட்டியலின்படி பணத்தில் கிட்டத்தட்ட பாதி பாஜகவுக்கு. அதிகம் வாங்கிய நிறுவனம், 1,368 கோடி, கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம். லாட்டரி விற்பனை 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கும் தமிழ்நாட்டின் அப்போதைய ஆளுங்கட்சி திமுக, தனக்கு வந்த 656 கோடியில் 509 கோடி அந்த நிறுவனம் கொடுத்தது என்று தானே தேர்தல் ஆணையத்திடம் சொல்லியிருந்தது. பெரும்பாலான கட்சிகள் கொடுத்தவர் பெயரைச் சொல்லாதபோது திமுக சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பட்டியலில் அமலாக்கத் துறையும் வருமான வரித் துறையும் சோதனை போட்ட நிறுவனங்கள் பல இருந்தன. இங்கேதான் பணம் ஆட்சியை வாங்குகிறது என்ற வழக்கமான வாக்கியம் போதாமல் போகிறது. சோதனைக்குப் பிறகு பத்திரம் வாங்கியவர் ஆட்சியை வாங்கினாரா, இல்லை ஆட்சிக்குக் கப்பம் கட்டினாரா? அமெரிக்க உதாரணங்களைப் படித்துவிட்டு முதலாளி ஜனநாயகத்தை விழுங்குகிறான் என்று மட்டும் பேசினால் இதன் பாதிதான் தெரியும். சுதந்திரமான முதலாளியும் இல்லாமல், சுதந்திரமான ஓட்டும் இல்லாமல், கட்சி அலுவலகத்தின் பின்வாசலில் இரண்டும் ஒன்றாகச் சுருங்கிப்போவதும் நடக்கும்.

அதே 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, மும்பையின் பழைய கட்டடங்கள் பற்றி முப்பது வருடத்துக்கு மேல் கிடந்த ஒரு வழக்கில், தனியார் சொத்து எல்லாவற்றையும் சமுதாயத்தின் வளம் என்று சொல்லிவிட முடியாது, எந்தப் பொருளாதாரக் கொள்கையையும் அரசியல் சட்டம் கட்டாயமாக்கவில்லை, அதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. 1948இன் அம்பேத்கர் பக்கம் போய் நின்றிருக்கிறது. முடிவு செய்ய வேண்டியது வாக்காளர் என்று திரும்பவும் நம்மிடமே வந்து சேர்கிறது.

அந்த வாக்காளரிடம் ஓட்டுக் கேட்டு வரும் மக்களவை வேட்பாளர் தமிழ்நாட்டில் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது என்பது விதி. ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் 15 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கக்கூடாது என்பதும் விதி. அந்த வேட்பாளரை நிறுத்தும் கட்சி ஒரு தேர்தலில் எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கு மட்டும் இன்றுவரை உச்சவரம்பு எதுவும் இல்லை.